ஐந்தரை நிமிடத்தில் ஒரு வில்லனை எதை வைத்து அளப்பது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1997 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும், பின்னாளில் தி ராக் என்று எல்லோரும் அறிந்த ராக்கி மாய்வியாவும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) என்ற தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தின் இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக மோதிய ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ராக்கி கூட்டாளிகளோடு வந்தார், அடி வாங்கினார், ஐந்தரை நிமிடத்தில் தோற்றார், இதில் என்ன வில்லத்தனம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வெற்றி தோல்வி முன்பே எழுதப்பட்ட இந்தக் கலையில், பெரும்பகுதி அடி வாங்கியே தோற்கும் ஒரு வில்லனின் ஆட்டத்தை நல்லது, கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்பது உங்கள் முதல் கேள்வி. அவர் பின்னாளில் எந்த உயரத்துக்குப் போனார் என்பது நமக்குத் தெரிந்துவிட்ட நிலையில், அன்றைய இருபத்தைந்து வயது இளைஞரை நேர்மையாக மதிப்பிட முடியுமா என்பது இரண்டாவது. போகிற போக்கில் இந்தத் தலைமுறை மல்யுத்தர் டொமினிக் மிஸ்டீரியோவைப் பற்றியும் இதே சந்தேகம் எழுப்பியிருக்கிறீர்கள். அதற்கு இறுதியில் வருகிறேன்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடக மேடைக்குச் சண்டைக் காட்சிகள் அமைப்பது என் வேலை. தொழில்முறை மல்யுத்தத்தைப் பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்துப் பார்த்து வருகிறேன், ஆனால் ரிங்கில் இறங்கிப் பயின்றவன் அல்லன். எனவே ஒருவர் எப்படி விழுகிறார், அடியை எப்படி உடம்பில் ஏற்றுக்கொள்கிறார், பார்வையாளரின் கண்ணை எங்கே இழுக்கிறார் என்பவற்றைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும். திரைக்குப் பின்னால் எந்த யோசனை யாருடையது என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம் என்றே கொள்ளுங்கள்.

அந்த ஆட்டத்தை அதற்கு முந்தைய ஓராண்டிலிருந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. டுவேய்ன் ஜான்சன் 1996 நவம்பர் 17 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அறிமுகமானார். தந்தை ராக்கி ஜான்சன், தாய்வழித் தாத்தா பீட்டர் மாய்வியா, இருவருமே புகழ்பெற்ற மல்யுத்தர்கள். இருவர் பெயரையும் சேர்த்து அவருக்கு ராக்கி மாய்வியா என்று பெயர் வைத்தார்கள். நாடாக்கள் தொங்கும் மேலாடையும் ஓயாத புன்னகையுமாக நிறுத்தி, இவரை நீங்கள் நேசித்தே ஆக வேண்டும் என்று நிறுவனம் ரசிகர்களிடம் சொல்லாமல் சொல்லியது. அறிமுகமாகி மூன்றே மாதத்தில், 1997 பிப்ரவரி 13 அன்று, அவர் ஹண்டர் ஹியர்ஸ்ட் ஹெல்ம்ஸ்லியை, அதாவது பிற்காலத்து டிரிபிள் ஹெச்சை, வென்று இன்டர்கான்டினென்டல் சாம்பியன் ஆனார். ரசிகர்களோ அந்த வசந்த காலத்திலேயே "ராக்கி சக்ஸ்" என்றும் "செத்துப் போ ராக்கி" என்றும் கூச்சலிடத் தொடங்கியிருந்தார்கள். ஏப்ரல் 28 அன்று ஓவன் ஹார்ட்டிடம் பட்டத்தை இழந்தார். அதன்பின் முழங்கால் காயத்தால் சில மாதங்கள் ஒதுங்கியிருந்தார்.

ஒரு நாயகன் வாங்கும் கூச்சலும் ஒரு வில்லன் வாங்கும் கூச்சலும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏப்ரலில் ரசிகர்கள் கத்தியபோது அவர்கள் கதைக்கு வெளியே நின்று கத்தினார்கள். எங்கள் மேல் இந்த ஆளைத் திணிக்காதீர்கள் என்பது அவர்கள் நிறுவனத்துக்குச் சொன்ன செய்தி. ராக்கி அடி வாங்கினால் அவர்கள் மகிழ்ந்தார்கள், ஆனால் அவரை அடிப்பவர் யார் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. அப்படிப்பட்ட வெறுப்பினால் டிக்கெட் விற்காது. வில்லன் வாங்க வேண்டிய கூச்சல் வேறு வகையானது. அவன் செய்த குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, குறிப்பிட்ட ஒருவர் வந்து அவனை அடிக்க வேண்டும் என்று கூட்டம் காத்திருக்க வேண்டும். முதல் வகைக் கூச்சலை இரண்டாம் வகையாக மாற்ற முடிந்ததா என்பதே 1997-இன் பிற்பாதியில் ராக்கியின் முன் இருந்த தேர்வு. உங்கள் ஆட்டத்தை நான் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

மாற்றம் ஆகஸ்டில் தொடங்கியது. காயத்திலிருந்து திரும்பிய அவர் ஃபாரூக் தலைமையிலான நேஷன் ஆஃப் டாமினேஷன் குழுவில் சேர்ந்தார். புன்னகை மறைந்தது. ரசிகர்களின் கூச்சலையே அவர் தன் பேச்சின் பொருளாக்கினார்: நான் பட்டம் வென்று கொடுத்தேன், நீங்கள் எனக்குத் தந்தது இந்த வசைதானே என்று கேட்டார், இது தோலின் நிறத்தைப் பற்றியது அல்ல, மரியாதையைப் பற்றியது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட வேண்டாம். நேஷன் என்பது கறுப்பின இளைஞர்களின் போர்க்குணத்தை வெள்ளையர் பெரும்பான்மையான ஒரு கூட்டத்தின் முன் வில்லத்தனமாகக் காட்டிய குழு. அந்தக் குழுவுக்கு எழுந்த வசையில் எவ்வளவு கதைக்குரியது, எவ்வளவு வெறும் இனவெறுப்பு என்று எந்த ஒலிப்பதிவும் நமக்குப் பிரித்துக் காட்டாது. எனவே டிசம்பர் ஆட்டத்தில் கேட்கும் ஆரவாரம் முழுவதையும் ராக்கியின் திறமைக்குச் சான்றாக எழுதிவிட முடியாது. தொலைக்காட்சிக்காக ஒலியைக் கலக்கும்போது கூட்டத்தின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தின் அளவைக் காட்டிலும் அது எந்தக் கணத்தில் எழுகிறது என்பதையே நான் நம்புகிறேன்.

இனி ஆஸ்டினின் கழுத்து. 1997 ஆகஸ்ட் 3 அன்று சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை தரையில் மோதும்படி இறக்கும் பைல்டிரைவர் என்ற பிடியை ஓவன் ஹார்ட் போட்டபோது ஆஸ்டினின் கழுத்து கடுமையாகக் காயப்பட்டது. அந்த ஆட்டத்தில் வென்ற பட்டத்தையே அவர் பின்னர் கைவிட நேர்ந்தது. நவம்பர் 9 அன்று மான்ட்ரியாலில் ஓவனிடமிருந்து அதை மீட்ட ஆட்டம் நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டியது. அதற்குப் பிறகு சாம்பியன் அணியும் அந்தப் பட்டத்தின் பெல்ட்டைத் திருடிக்கொண்டு நானே உண்மையான சாம்பியன் என்று ராக்கி சுற்றித் திரிந்ததுதான் டிசம்பர் மோதலுக்கு வித்து. கூட்டம் யாரை அதிகம் விரும்பியதோ அவரால் அப்போது நெடுநேரம் ஆடவும் முடியாது, ஆபத்தாக விழவும் முடியாது. அப்படிப்பட்டவருக்கு எதிரில் நிற்கும் வில்லனின் வேலை மிகவும் குறுகியது, ஆனால் எளிதானது அன்று: விழ வேண்டியதையெல்லாம் தான் விழ வேண்டும், அதே சமயம் நாயகன் காயப்பட்டவர் என்பது யாருக்கும் நினைவுக்கு வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஆஸ்டின் தன் பிக்கப் டிரக்கை ரிங்குக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறார். நேஷன் ஆட்கள் பாய்கிறார்கள், அவர்களில் டி'லோ பிரவுன் அந்த டிரக்கின் மேலேயே அடிபட்டு ஆட்டத்திலிருந்து விலகுகிறார். ஆட்டத்தை முடிக்க ஆஸ்டின் பயன்படுத்தும் ஸ்டன்னர் என்ற அடிக்கு நடுவர்கூடத் தப்பவில்லை. ராக்கிக்கும் ஒரு ஸ்டன்னர் விழ, அவர் தோள்கள் தரையில் அழுந்தியிருக்க இன்னொரு நடுவர் ஓடி வந்து மூன்று எண்ணுகிறார், முடிந்தது. இது அவரது ஆட்டமே இல்லை என்று நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி. இந்த ஐந்தரை நிமிடத்தின் வடிவம் முழுவதும் ஆஸ்டினைச் சுற்றியே அமைக்கப்பட்டது. டிரக்கும் கூட்டாளிகளும் நடுவர் மேல் விழுந்த அடியும் ஆஸ்டினுக்கு மூச்சு விட இடம் கொடுப்பதற்கான ஏற்பாடுகள் என்றே எனக்குப் படுகிறது. இப்படி அமைத்தவர்களுக்குரிய பாராட்டை ராக்கிக்குக் கொடுக்கக் கூடாது.

ஆயினும் அவருக்கென்று எழுத வேண்டிய மதிப்பெண்கள் சில இருக்கின்றன. மேடைச் சண்டையில் குத்துபவனைவிடக் குத்து வாங்குபவனே அந்தக் குத்தைப் பார்வையாளருக்குக் காட்டுகிறான். ஆஸ்டினின் ஸ்டன்னரை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஓர் உதை, பிறகு எதிராளியின் தாடையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடுகிறார், அவ்வளவே. மீதியெல்லாம் வாங்குபவரின் உடம்பு செய்ய வேண்டியது. ஆறடிக்கு மேல் உயரமும் கால்பந்து வீரரின் கட்டும் கொண்ட ஓர் ஆள், மயாமி பல்கலைக்கழக அணியில் ஆடிய ஓர் ஆள், தன் உடம்பை இப்படி மற்றவரின் கைக்கு ஒப்புக்கொடுப்பது இளம் வயதில் அரிது. பெரிய உடம்புக்காரர்கள் பெரும்பாலும் தம் பலம் குறைந்து தெரிவதை அஞ்சி, விழும்போது சற்றே இறுகிப் பிடித்துக்கொள்வார்கள், அடி வாங்கியதும் சீக்கிரம் எழுவார்கள், தோல்வியிலும் கொஞ்சம் கம்பீரத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ராக்கியிடம் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. கடைசி ஸ்டன்னர் விழுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கேளுங்கள். அது திருடிய பெல்ட்டுக்குக் கிடைத்த தண்டனையின் ஆரவாரம். ஏப்ரலில் காரணமின்றி வெறுத்த கூட்டம் இப்போது ஒரு காரணத்தோடு வெறுக்கிறது. என் கணக்கில் இந்த ஆட்டத்தின் வெற்றி அதுதான்.

இன்னும் கனியாதவையும் தெரிகின்றன. தாக்கும் பக்கம் அவர் அப்போது மெலிந்தவர். அவர் அடிக்கும்போது ஆட்டம் கொஞ்சம் தொய்வதும், ஆஸ்டின் திருப்பி அடிக்கும்போது மீண்டும் நிமிர்வதும் கண்கூடு. நல்ல வில்லன் அடிக்கும்போதுதான் அரங்கு அதிகம் துடிக்க வேண்டும். பேச்சில் அவர் ஏற்கெனவே தன்னை 'தி ராக்' என்று படர்க்கையில் சுட்டத் தொடங்கியிருந்தாலும், அந்தத் திமிர் ரிங்குக்குள் அவரது நடையிலும் நிறுத்தத்திலும் இன்னும் முழுமையாக இறங்கவில்லை. வாயால் வில்லன், உடம்பால் இன்னும் பாதி விளையாட்டு வீரர் என்று சொல்லலாம். ஸ்டன்னரை வாங்கித் துள்ளிப் பறந்து விழும் அவரது புகழ்பெற்ற மிகைநடிப்பு பின்னாளில் வளர்ந்தது. 2001-இல் ஹூஸ்டனில் இவ்விருவரும் மோதிய ரெஸில்மேனியா ஆட்டத்தில் பார்த்ததை 1997-இல் தேடாதீர்கள்.

ஆனால் ஓர் இளம் வில்லனை அளக்க இந்த ஆட்டம் உண்மையில் போதாது. ஐந்தரை நிமிடத்தில் எதிராளியின் நிழலில் நின்றவரைப் பற்றி எவ்வளவுதான் சொல்ல முடியும்? ஆறு வாரம் கழித்து நடந்ததைப் பாருங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மறுநாள் இரவு, மறுபடியும் மோதும்படி நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மக்மேன் ஆணையிட்டபோது ஆஸ்டின் ஆடாமலே பட்டத்தை ராக்கியிடம் விட்டுக்கொடுத்தார். பெல்ட்டையோ ஆற்றில் எறிந்தார். நாயகன் வேண்டாமென்று வீசிய பட்டத்தைச் சுமந்து, தானே பெரிய சாம்பியன் என்று பீற்றிக்கொள்ளும் நிலை ராக்கிக்கு வாய்த்தது. அவமானமான நிலைதான், ஆனால் ஒரு வில்லனுக்கு அதைவிட வளமான நிலம் கிடைக்காது.

1998 ஜனவரி 18 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நடந்த ராயல் ரம்பிளில் அவர் கென் ஷாம்ராக்கை எதிர்கொண்டார். யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் உண்மையான சண்டைகளில் பெயர் எடுத்தவர் ஷாம்ராக். பலத்தில் அவரை வெல்ல முடியாது என்று அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் நம்பினார்கள், அதையே ராக்கி பயன்படுத்திக்கொண்டார். விரல்களில் மாட்டிக் குத்தும் உலோக வளையத்தால் ஷாம்ராக்கைத் தாக்கிவிட்டு, அதை ஷாம்ராக்கின் உடைக்குள்ளேயே செருகிவிட்டார். ஷாம்ராக் அதையும் தாங்கி எழுந்து, அவரைத் தூக்கிப் போட்டு மூன்று எண்ணிக்கையில் வென்றார். அரங்கு கொண்டாடியது. அப்போதுதான் கீழே கிடந்த ராக்கி, இவர் என்னை ஆயுதத்தால் தாக்கினார், சோதித்துப் பாருங்கள் என்று நடுவரிடம் முறையிட்டார். நடுவர் சோதித்தார், ஆயுதம் அகப்பட்டது, தீர்ப்பு மாறியது. ஷாம்ராக்கின் கோபம் நடுவர் மேல் திரும்பியது.

டிசம்பரில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. வில்லன் செய்த அநியாயம் கூட்டத்துக்கு மட்டும் தெரிகிறது, நடுவருக்குத் தெரியவில்லை, நாயகனுக்கு நிரூபிக்க வழியில்லை. அநியாயத்தைப் பார்த்தும் எதுவும் செய்ய முடியாத நிலையில் பார்வையாளரை வைப்பதுதான் இந்தக் கலையில் வில்லனின் உச்சமான வேலை. இந்தத் திட்டத்தை வகுத்தவர் ராக்கி என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் திட்டம் எவருடையதாயினும் அதை நடித்துக் காட்ட வேண்டியவர் அவரே. முறையிடும்போது அவர் முகத்தில் பாதிக்கப்பட்டவனின் நேர்மை இருக்க வேண்டும், அதே கணம் அந்த நேர்மை பொய் என்பது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். இரண்டில் எது கூடினாலும் காட்சி கேலிக்கூத்தாகிவிடும். அன்று கூடவில்லை. அது மட்டுமல்லாமல், அதே இரவில், ஒருவர் பின் ஒருவராக நுழையும் முப்பது பேரில் மேல் கயிற்றைத் தாண்டி எறியப்படாமல் கடைசிவரை நிற்பவர் வெல்லும் ரம்பிள் ஆட்டத்திலும் நான்காவது ஆளாக நுழைந்து ஐம்பது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசி ஆளாக ஆஸ்டினாலேயே வெளியேற்றப்பட்டார். அவர்மேல் நிறுவனம் வைத்த நம்பிக்கைக்கு இது ஐயமற்ற சான்று. திறமைக்கு அரைச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவ்வளவு நேரம் நிற்கவைப்பதும் எழுதியவர்களின் முடிவே.

பின்னாள் அறிவின் சிக்கல் இன்னும் பாக்கி இருக்கிறது. ராக்கி அந்தப் பட்டத்தை 1998 ஆகஸ்ட் 30 வரை, ஏணியில் ஏறி மேலே தொங்கும் பெல்ட்டை எடுப்பவர் வெல்லும் ஏணி ஆட்டத்தில் டிரிபிள் ஹெச்சிடம் தோற்கும் வரை, வைத்திருந்தார்; அதே ஆண்டு நவம்பரில் உலக சாம்பியனும் ஆனார். இதைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்ப்பவர்கள், 1997 டிசம்பரிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அன்றைய இரவில் தெரிந்தது இரண்டே: கற்றுக்கொள்ளக்கூடிய உடம்பு, தன்னைச் சிறியவனாகக் காட்டிக்கொள்ளத் தயங்காத மனம். இவ்விரண்டும் இருந்தும் இடைநிலையிலேயே நின்றுபோன மல்யுத்தர்கள் நிறையப் பேர். மேலே ஏற்றியது நாவன்மை; அதை எந்தத் தனி ஆட்டத்திலும் அளக்க முடியாது, வாராவாரம் மைக்கைப் பிடித்து அவர் பேசியதில்தான் தேட வேண்டும். கூட்டம் வசைபாடிக்கொண்டிருக்கும்போதே தன்னை மக்களின் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்ட துணிச்சல், என் பார்வையில், அவர் ரிங்கில் செய்த எதையும்விட நுட்பமான வில்லத்தனம்.

டொமினிக் மிஸ்டீரியோவுக்கு வருகிறேன். ஒப்புமை நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமானது. அவரும் புகழ்பெற்ற மல்யுத்தரின் மகன். அவரும் நல்ல பிள்ளையாக நிறுத்தப்பட்டுச் சலிப்பை வாங்கியவர். 2022 செப்டம்பர் 3 அன்று கார்டிஃப் நகரில் தந்தை ரே மிஸ்டீரியோவைத் தாக்கி வில்லனானபோது அவருக்கும் வயது இருபத்தைந்து. வேறுபாடு, இருவரும் எந்தக் கருவியை முதலில் கண்டெடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. ராக்கி பேச்சைக் கண்டெடுத்தார். டொமினிக், தன் பேச்சு கேட்காதபடி எழும் வசையையே கண்டெடுத்தார். மைக்கைத் தூக்கியதும் அரங்கு கத்தும், அவர் பேச முயல்வார், நிறுத்துவார், மறுபடி முயல்வார், ஒரு வாக்கியம்கூட முழுதாய்க் கேட்காது, அதுவே காட்சியாகிவிடும். ஆட்டத்திறனில் அவரும் தொடக்கத்தில் மெலிந்தவரே. ஆனால் அவரது தொடக்க வில்லன் ஆட்டங்களைப் பார்க்கும்போது அவர் எவ்வளவு நன்றாக அடிக்கிறார் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2023 ஏப்ரல் 1 அன்று ரெஸில்மேனியாவில் தந்தையிடம் அவர் தோற்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு அவர் எங்கே பார்க்கிறார், எப்போது ஓடுகிறார் என்று கவனியுங்கள்; இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் கூட்டத்தை மட்டும் கேளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆட்டத்தையும் சான் ஹோசே ஆட்டத்தையும் அதே முறையில் பார்த்துவிட்டு, இரண்டில் எங்கே என்னோடு உடன்பட முடியவில்லை என்று எழுதுங்கள். குறிப்பாக ராக்கியின் தாக்குதல் மெலிந்தது என்ற என் கருத்துக்கு மறுப்பு இருந்தால் கேட்க விரும்புகிறேன்.